அபாயகரமான அலோன்சோ பிக்கெட்

எங்கள் டார்னெல் கவுண்டியில் ஒருவர் இடுப்பில் துப்பாக்கி தொங்கினால் அவர் வீட்டை விட்டு வெளியே கிளம்பியிருக்கிறார் என்று அர்த்தம். வேறு அர்த்தம் ஒன்றும் கிடையாது. தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு நீட்டுகிறவர் இடுப்பில் இருக்கும். பல் டாக்டர் இடுப்பில் இருக்கும். மேற்கு வர்ஜீனியாவில் இதற்கு லைசென்ஸ் வேண்டியதில்லை, வயது வந்திருந்தால் போதும். மான் வேட்டை தொடங்கும் வாரம் பள்ளிக்கூடத்துக்கே லீவு. இப்படிப்பட்ட ஊரில் துப்பாக்கி என்ற ஒன்றைத் தொடாமலே அறுபத்தெட்டு வயது வரை காலத்தை ஓட்டியவர் அலோன்சோ பிக்கெட். முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டினார். பிள்ளைகள் ஏறும் வண்டியில் அது எதற்கு என்பார். அந்தப் பழக்கம் ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை.

அவரை அதிலிருந்து விடுவித்தது நாங்கள்தான். எங்கள் தன்னார்வத் தீயணைப்புப் படைக்கு அரசாங்கம் காலணா கொடுப்பதில்லை. வண்டிக்கு டீசல் போட வேண்டும் என்றால் வருடா வருடம் துப்பாக்கிக் குலுக்கல் நடத்தியாக வேண்டும். ஒரு தடவை தையல் மெஷினைப் பரிசாக வைத்துப் பார்த்தோம். டிக்கெட் விற்கவில்லை, அந்த மெஷின் இன்னும் எங்கள் கொட்டகையில்தான் கிடக்கிறது. டிக்கெட்டோடு பன்றி வறுவலும் சோள ரொட்டியும் உண்டு. அலோன்சோ வருடா வருடம் அந்தச் சாப்பாட்டுக்காகத்தான் வருவார்.

அந்த வருடம் குலுக்கலில் அவர் எண் விழுந்தது. ஒரு கைத்துப்பாக்கி. வாயில் சோள ரொட்டி இருந்ததால் அவரால் உடனே மறுக்க முடியவில்லை. ரொட்டியை விழுங்கிவிட்டு, வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்களேன் என்று மெல்லச் சொன்னார். பக்கத்து மேசைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. எங்கள் ஊரில் குலுக்கல் துப்பாக்கியை வேண்டாம் என்பது, பந்தியில் பரிமாறிய இலையைத் தள்ளிவிட்டு எழுந்து போவதற்குச் சமம். மூலையில் உட்கார்ந்திருந்த துப்பாக்கிக் கடைக்காரர் சட்டப்படி அரசாங்கத்துக்குப் போன் போட்டு, அவர் மேல் குற்றப் பதிவு உண்டா என்று விசாரித்தார். அலோன்சோ மேல் ஒரு சின்னக் கரும்புள்ளிகூட இல்லை, தாராளமாகக் கொடுக்கலாம் என்று பதில் வந்தது. ஓர் அரசாங்கம் அவரைப் பற்றி நல்லதாகச் சொன்னது அதுதான் கடைசி.

எங்கள் கவுண்டிக் காவல்துறைக்குத் தலைவரான ஷெரிஃப் டெல்பர்ட் ஸ்னோட்கிராஸ் தன் கையாலேயே பரிசைக் கொடுத்தார். போட்டோவுக்கு நின்றார். பேசவும் செய்தார். "ஆயுதம் வச்சிருக்கிற நல்ல மனுஷங்க ஒருத்தர் கூடினா இந்தக் கவுண்டி அந்தளவுக்குப் பத்திரம். இன்னிக்கு ஒருத்தர் கூடியிருக்காரு" என்றார். எல்லோரும் கை தட்டினோம். அவருடைய டெப்யூட்டி டிராவிஸ் லில்லி விசிலும் அடித்தான்.

அரை மணி நேரம் கழித்து, மலைப்பாதை தொடங்கும் வளைவில், என் டயர் கடைக்கு எதிரே, அதே டிராவிஸ் நீல விளக்கைச் சுழலவிட்டு அலோன்சோவை நிறுத்தினான். சீட் பெல்ட் தோளில் முறுக்கிக்கொண்டிருந்ததாம். நான் பின்னாலேயே வந்துகொண்டிருந்தேன். என் இடுப்பில் இருபது வருடமாகத் துப்பாக்கி இருக்கிறது. என் வண்டியின் பின்விளக்கு மூன்று வருடமாக எரியவில்லை. என்னைப் பார்த்து டிராவிஸ் கையசைத்தான், நானும் அசைத்துவிட்டுக் கடை வாசலில் வண்டியை நிறுத்தினேன்.

"மிஸ்டர் அலோன்சோ, வண்டியில ஆயுதம் ஏதாவது இருக்கா?"

"இருக்குப்பா. இப்பத்தான் அதுக்கு நீ விசில் அடிச்ச."

"கீழ இறங்குங்க. ரெண்டு கையையும் வண்டி மேல வைங்க."

"டிராவிஸ், ஏழு வருஷம் நான்தான் உன்னை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போனேன்."

"அதை மறப்பனா? அதனாலதான மிஸ்டர்னு கூப்பிடறேன்."

அக்குளிலிருந்து கணுக்கால் வரை தடவிப் பார்த்தான். பெட்டியோடு துப்பாக்கியை எடுத்து வண்டி மேல் வைத்தான். பிறகு பொறுமையாக விளக்கினான். ஆயுதம் வைத்திருப்பவர் எவரானாலும் அபாயமானவர்தான் என்று மேலே ஒரு கோர்ட் சொல்லியிருக்கிறதாம். சட்டப்படி வைத்திருந்தாலும் சரிதானாம். ஒருவரை ஏதாவது காரணத்துக்காக நிறுத்திவிட்டு, அவரிடம் ஆயுதம் இருப்பது தெரிந்தால், தடவிப் பார்க்கலாமாம். "நீங்க தப்புப் பண்ணினதா யாரும் சொல்லல. வச்சுக்கறது உங்க உரிமை, தடவறது எங்க கடமை. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு இடிக்காது." துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்து, வாழ்த்தும் சொல்லிவிட்டுப் போனான். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஒரே ராத்திரிக்குள் ஒரே இலாகா இரண்டையும் செய்ததை அன்றுதான் பார்த்தேன்.

அலோன்சோ கறுப்பினத்தவர். இதை இங்கே சொல்வதற்கு எனக்குக் காரணம் ஒன்றும் இல்லை. ஷெரிஃபும் காரணம் ஒன்றும் இல்லை என்றுதான் சொல்கிறார்.

இதோடு போயிருந்தால் சிரித்துவிட்டு மறந்திருப்போம். ஆனால் அலோன்சோவின் மனைவி வெர்னாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரம் மூன்று நாள் மலைக்கு அந்தப் பக்கம் ரோவன்ஸ்பர்க்கில் டயாலிசிஸ். காலை ஏழு மணிக்கு அவருக்கென்று ஒரு நாற்காலி. நான்கு மணி நேரம் முடிந்ததும் அடுத்த நோயாளி வாசலில் நிற்பார். அரை மணி தாமதமாகப் போனால் அரை மணி ரத்தம் சுத்தமாகாமல் அப்படியே வீட்டுக்கு வர வேண்டியதுதான். அப்படி வந்த நாட்களில் வெர்னாவின் கால் பூசணிக்காயாக வீங்கிவிடும். படுத்தால் மூச்சு முட்டும். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியே விடிய வைப்பார், அலோன்சோ பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை எண்ணிக்கொண்டிருப்பார். ரோவன்ஸ்பர்க்குக்குப் போக இருப்பது இந்த ஒரே பாதை.

குலுக்கல் நடந்த அன்று இரவே டிராவிஸ் கம்ப்யூட்டரில் வண்டி எண்ணுக்கு எதிரே 'ஆயுதம் தரித்தவர்' என்று ஏற்றிவிட்டான். பிறகு என்ன, அந்த எண் வளைவில் திரும்பினாலே நீல விளக்கு சுழலும். மஞ்சள் கோட்டை உரசினார் என்று ஒரு நாள். உரசாத மறுநாள், வேக வரம்பை ஒரு மைல்கூடத் தாண்டாமல் ஓட்டினார், அப்படி இந்த ஊரில் யாரும் ஓட்டுவதில்லை, அதனால் சந்தேகம் வந்தது என்றான். சீக்கிரமே கிளம்பிப் பார்த்தார்கள். இருட்டோடு கிளம்பினால் இரவு வேலை முடிந்து போகும் டெப்யூட்டி ஒரு தடவை நிறுத்தினார், வேலைக்கு வரும் டிராவிஸ் இன்னொரு தடவை நிறுத்தினான்.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேனே என்று அலோன்சோ என் கடையில் வந்து நொந்துகொண்டார். துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள் என்று யோசனை சொன்னது நான்தான். மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்று பெரியவர்கள் சொன்னதை நம்பினேன். எங்கள் மலைப்பாதையில் அது தலைகீழ். கம்ப்யூட்டர் இருக்கிறது என்கிறது, ஆளிடம் இல்லை. அப்படியானால் எங்கே? சீட்டுக்கு அடியில் தேடினார்கள், டயருக்குள் தேடினார்கள், வெர்னாவின் கம்பளியை உதறினார்கள். இல்லாத ஒன்றைத் தேடுவதற்கு முடிவு ஏது? அன்று வெர்னாவுக்குக் கிடைத்தது பாதி நேரம்தான். அடுத்த முறை முதல் அலோன்சோ ஒழுங்காக இடுப்பில் மாட்டிக்கொண்டு வந்தார். துப்பாக்கி இருந்தால் தடவிய கை உடனே அதில் தட்டும், சீக்கிரம் விடுவார்கள். பேருந்து ஓட்டிய காலத்தில் தொடாத மனிதர், மனைவிக்கு ஒரு கால் மணி நேரம் மிச்சப்படுத்த ஆயுதம் ஏந்த ஆரம்பித்தார்.

துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று ஷெரிஃப் அலுவலகத்துக்கும் போய் வந்தார். துணைக்கு நானும் போனேன். ஆயுதத்தோடு உள்ளே வரக் கூடாது என்று வாசலில் போர்டு. அதை ஒப்படைக்கத்தான் வந்திருக்கிறோம் என்றதற்கு, வண்டியில் வைத்துவிட்டு உள்ளே வந்து ஒப்படைக்கச் சொன்னார்கள். கடைசியில் ஷெரிஃபே வெளியே வந்தார். அவர் முகம் நிஜமாகவே வாடிவிட்டது.

"அலோன்சோ, நீ எங்கிட்ட என்ன கேக்கறேன்னு புரிஞ்சுதான் கேக்கறியா? என் உசிரு இருக்கிறவரைக்கும் இந்தக் கவுண்டியில ஒருத்தர் துப்பாக்கியையும் எவனும் பிடுங்க முடியாதுன்னு சொல்லித்தான் நான் ஓட்டு வாங்கினேன். இப்ப நானே உங்கிட்டருந்து வாங்கினா ஜனங்க என்ன பேசுவாங்க?"

"பிடுங்க வேணாம் ஷெரிஃப். நானாத்தான் குடுக்கறேன்."

"எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிப்பாங்க."

விற்றுவிட்டால் கம்ப்யூட்டரிலிருந்து அந்தக் குறிப்பை எடுப்பீர்களா என்று அலோன்சோ கேட்டார். ஷெரிஃப் யோசித்தார். துப்பாக்கியை விற்றவனிடம் இன்னொரு துப்பாக்கி வாங்கப் பணம் இருக்கும், அதனால் எடுப்பது விவேகமாக இருக்காது என்றார். கிளம்பும்போது தோளில் தட்டி, தைரியமாக இரு, உன் உரிமைக்கு நான் காவல் என்றார்.

மே மாதக் கவுண்டிக் கூட்டத்தில் இது விவாதத்துக்கு வந்தது. கூடம் நிறைய ஆட்கள், ஆளுக்கொரு துப்பாக்கி. ஷெரிஃப் எழுந்து இலாகாவின் சாதனையைச் சொன்னார். இந்த வசந்த காலத்தில் மட்டும் சாலைச் சோதனைகளில் நாற்பத்தொரு துப்பாக்கிகளைக் கண்டுபிடித்திருக்கிறோம், மாநிலத்திலேயே நாம்தான் முன்னணி, தலைநகரத்தில் நிதி ஒதுக்கப்போகிறார்கள் என்றார். கை தட்டல். அலோன்சோ எழுந்து, நாற்பத்தொன்றும் என்னுடைய ஒரே துப்பாக்கிதான், அதுவும் ஷெரிஃப் கொடுத்தது என்றார். அதை மறுக்கவில்லை ஷெரிஃப். ஒரே துப்பாக்கியை நாற்பத்தொரு தடவை கண்டுபிடிப்பது, நாற்பத்தொன்றைத் தலா ஒரு தடவை கண்டுபிடிப்பதைவிடக் கஷ்டம், அதற்கு விடாமுயற்சி வேண்டும் என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து கேட்டேன்.

"டெல்பர்ட், என் இடுப்புலயும்தான் இருக்கு. அப்ப நானும் அபாயமான ஆளா?"

"நீயா?" ஷெரிஃப் சிரித்தார். "உன்னைத்தான் எனக்குத் தெரியுமே."

"அலோன்சோவையும் தெரியுமே உனக்கு."

"எனக்குத் தெரியும்யா. சட்டத்துக்குத் தெரியணுமில்ல? அதுவுமில்லாம ஆளை நிறுத்தினாத்தான் அபாயம் வருது. உன்னை நாங்க நிறுத்தவே இல்லையே, அப்புறம் எங்கருந்து வரும்?"

கூடத்தில் இருந்தவர்கள் தங்களையும் யாரும் நிறுத்தவில்லை என்பதை நினைத்து நிம்மதியோடு தலையாட்டினார்கள். அடுத்து நாய்களுக்கு ஊசி போடும் விஷயத்துக்குப் போய்விட்டோம்.

மறுநாள் காலை வண்டி வளைவுக்கு வருவதற்கு முன்பு வெர்னா கணவரிடம் கையை நீட்டினாராம். "அதை இங்க குடு. நீ ரோட்டைப் பாத்து ஓட்டு." டிராவிஸ் வந்து குனிந்து பார்த்தபோது துப்பாக்கி வெர்னாவின் மடியில், பாவாடையின் மேல், பின்னல் கூடைக்குப் பக்கத்தில் இருந்தது.

"அவருகிட்ட இல்ல டிராவிஸ், எங்கிட்ட இருக்கு. இப்ப நான்தான் அபாயம். இறங்கவா?"

டிராவிஸின் காது சிவந்தது. பெண்களைப் பெண் டெப்யூட்டிதான் தடவ வேண்டும் என்பது இலாகா விதி. எங்கள் இலாகாவில் பெண் என்று இருந்தவர் காபி போடும் அம்மாள் ஒருவர்தான். அலுவலகத்தைக் கூப்பிட்டான். போகச் சொல்லு என்றார் ஷெரிஃப். என் கடை வாசலில் நின்று நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

அந்தக் கோடை முழுவதும் வெர்னாவுக்கு முழு நேரம் கிடைத்தது. கால் வீக்கம் வடிந்தது. படுக்கையில் படுத்துத் தூங்குகிறேன் என்று, ஏதோ உல்லாசப் பயணம் போய் வந்தவர் மாதிரி என்னிடம் பெருமையாகச் சொன்னார். திரும்பி வரும் வழியில் கடையில் இறங்கி, டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து, ஷெரிஃப் எப்படிப் பேசுவார் என்று பேசிக் காட்டுவார். அலோன்சோ தலையைக் குனிந்து சிரிப்பார். அவர் சிரித்து அந்த வருடத்தில் நான் பார்த்தது அப்போதுதான்.

செப்டம்பரில் நிதி வந்து சேர்ந்தது. ஷெரிஃப் அதில் கவுண்டியின் முதல் பெண் டெப்யூட்டியை நியமித்தார். கெய்லி ஃபானின் என்று இருபத்திரண்டு வயதுப் பெண். விழாவில் கேக் வெட்டினார்கள். ஷெரிஃப் கண் கலங்கிப் பேசினார். "இத்தனை வருஷமா இந்தக் கவுண்டியில பெண்கள் தடவப்படாமலே இருந்துட்டாங்க. ஆம்பளைங்களுக்குக் கிடைச்ச சமத்துவம் அவங்களுக்குக் கிடைக்கல. அந்த அநியாயம் இன்னியோட ஒழிஞ்சது."

நவம்பரில் ஒரு காலை. புல்லெல்லாம் உறைபனி. நான் ஜாக்கியோடு வெளியே நின்றிருந்தேன். இரண்டு டெப்யூட்டிகளும் வந்திருந்தார்கள். டிராவிஸ் வெர்னாவின் மடியிலிருந்து துப்பாக்கியை எடுத்து, குண்டுகளைக் கழற்றி, தன் வண்டிக்குள் வைத்துப் பூட்டினான். அலோன்சோவை வண்டியின் முன்பக்கத்தில் கையூன்றி நிற்கச் சொன்னான். வெர்னா கதவைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினார். நாற்காலிக்கு நேரமாகிறது கண்ணு, சீக்கிரம் பாத்துக்கோ என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது.

கெய்லி பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி தோளிலிருந்து ஆரம்பித்தாள். வலது கையில் கோட்டுக்கு மேலாகத் தடவிக்கொண்டே வந்தவள் முழங்கைக்குச் சற்று மேலே நின்றுவிட்டாள். அழுத்திப் பார்த்தாள். சட்டென்று இரண்டடி பின்னால் தாவித் தன் துப்பாக்கியை உருவினாள்.

"கையில என்ன கட்டியிருக்கீங்க? உள்ள ஏதோ அதிருது. அசையாதீங்க. ரெண்டு பேரும் அசையாதீங்க."

அலோன்சோ திரும்பினார். டிராவிஸின் கையும் இடுப்புக்குப் போனது. முப்பது வருடம் பிள்ளைகளைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்த அந்த மனிதர், தான் கொண்டுபோய்ச் சேர்த்த ஒரு பிள்ளையின் துப்பாக்கிக்கு முன்னால், பாதி திரும்பியவர் பாதியிலேயே நின்றார். ஜாக்கியை நான் எப்போது கீழே போட்டேன் என்று தெரியவில்லை.

வெர்னா மட்டும் சாதாரணமாகப் பேசினார். "அது என் ரத்தம்மா. மெஷின்ல போடறதுக்காக ரெண்டு ரத்தக்குழாயைச் சேத்துத் தச்சிருக்காங்க. ரத்தம் ஓடறப்ப அப்படித்தான் அதிரும். சுட்டுடாத கண்ணு, எனக்கு இருக்கிறது அது ஒண்ணுதான்."

துப்பாக்கியைத் தாழ்த்தக் கெய்லிக்கு நேரம் பிடித்தது. அப்புறம் அவள் ரோட்டோரத்தில் உட்கார்ந்து அழுதாள், வெர்னாதான் முதுகைத் தடவிக் கொடுத்தார். ஆனால் இலாகா என்று ஒன்று இருக்கிறதே. அதிர்வது ரத்தம்தான் என்று தகுதியுள்ள ஒருவர் உறுதி செய்ய வேண்டும் என்று ரேடியோவில் சொன்னார் ஷெரிஃப். ஆம்புலன்ஸ் வந்தது. அதில் வந்தவர் கையை வைத்துப் பார்த்து, ரத்தம்தான் என்றார். ரோவன்ஸ்பர்க்கில் அந்த நாற்காலியில் அதற்குள் வேறொருவர் உட்கார்ந்துவிட்டார். வெர்னாவை அப்படியே திருப்பி அனுப்பினார்கள். அன்று இரவு அவர் மூச்சுக்குத் தவித்த தவிப்பைப் பற்றி அலோன்சோ என்னிடம் பாதிதான் சொன்னார். மீதியை அவரால் சொல்ல முடியவில்லை.

ஷெரிஃப் பத்திரிகைக்கு அறிக்கை விட்டார். அபாயமான ஒருவரிடம் எங்கள் டெப்யூட்டி காட்டிய நிதானத்தால் ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை, இதுவே பயிற்சியின் வெற்றி என்றார். வருங்காலத்தில் இப்படிக் குழப்பம் வராமலிருக்க, உடலில் அதிரும் உறுப்பு உள்ளவர்கள் அதை வெளியே தெரியும்படி வைத்துக்கொள்ள வேண்டும், ஒவ்வொரு முறையும் ஓர் அதிகாரி அதைத் தொட்டு உறுதி செய்வார் என்றும் இருந்தது.

வெர்னா கோட்டின் வலது கையைத் தோளோடு கத்தரித்துவிட்டார். இப்போது ஜனவரி. வாரம் மூன்று நாள் விடியும் முன்பு அந்த வண்டி வளைவில் வந்து தானாகவே நிற்கிறது. ஜன்னல் இறங்குகிறது. பனி கொட்டும்போது ஒரு வெறுங்கை வெளியே நீள்கிறது. கெய்லி வந்து அதன் மேல் உள்ளங்கையை வைத்து, துடிப்பு தெரியும்வரை நிற்கிறாள். மேடம், நன்றி என்கிறாள். பாவம், அவளுக்கும் விரலெல்லாம் விறைத்துப்போகிறது. கையுறை போட்டுக்கிட்டு வாயேன் கண்ணு என்று வெர்னா ஒரு நாள் சொன்னாராம். போட்டுப் பார்த்தேன் மேடம், போட்டால் நீங்கள் உயிரோடு இருப்பது தெரியவில்லை என்றாளாம் அந்தப் பெண்.